ரோஸ்மில்க் சிந்தக்கூடாது

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள் அக்கா. எனக்கு இந்த ஓரம் போதும். குழந்தையின் தலை உள்பக்கமாக இருந்தால்தான் எனக்கு நிம்மதி. இந்தக் கோத்தகிரி ரோடு எப்படி வளைகிறது பாருங்கள். வண்டி இடது பக்கம் வளைந்தால் நாம் வலது பக்கம் சாய்வோம், அந்த நேரம் நான் முழங்கையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வேன். இதோ, இப்போது வளைகிறது. இமைகூட அசையவில்லை, பார்த்தீர்களா? பழக்கம்தான். வேறொன்றும் இல்லை.

மேட்டுப்பாளையத்தில் இறங்கிவிடுவேன். என் வீட்டுக்காரர் வந்து நிற்பார்.

இந்தக் கையா? மாவுக்கட்டைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கிறார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடு என்றார் என் சித்தி. நான் சொல்லமாட்டேன். கான்வென்ட்டில் படித்தவள் நான். பொய் சொன்னால் சிஸ்டர் பெர்ணதெத் சோப்புக்கட்டியை நாக்கில் வைத்துத் தேய்ப்பார். அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் உண்மையைத்தான் சொல்கிறேன். அவர் உடைத்தார். வீல் ஸ்பேனரால். ஆனால் அக்கா, காரணத்தைக் கேட்காமல் முகத்தைச் சுளிக்காதீர்கள். என் சித்தியும் இப்படித்தான், காரணத்தையே கேட்கமாட்டேன் என்கிறார்.

அவர் ஒரு பலகை செய்திருக்கிறார். பலகை என்றால் சும்மா பலகை இல்லை. ஆள் படுக்கிற பலகை. வேனுக்குள்ளே நான்கு மூலையிலும் நான்கு மோட்டார், அவற்றின்மேல் இந்தப் பலகை. வேன் மேட்டில் ஏறினாலும் இறங்கினாலும், எந்தப் பக்கம் சாய்ந்தாலும், பலகை மட்டும் மேசை மாதிரி மட்டமாகவே நிற்கும். மலையிலிருந்து சீக்காளிகளைக் கீழே கொண்டுவருகிறார்களே, அவர்களுக்காக. அவருடைய அப்பா இதே ரோட்டில்தான் ஜீப்பின் பின்னால் உருண்டு உருண்டு செத்துப்போனார். வயிற்றில் ஆபரேஷன் தையல் பிரிந்துவிட்டதாம். அப்போது இவருக்குச் சின்ன வயது, அப்பா உருளாமல் காலைப் பிடித்துக்கொண்டு வந்தாராம். பிடிக்க முடியவில்லை. இதை எங்கள் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. இப்படி ஒரு மனசுள்ள ஆளா என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தப் பலகைக்கு அடியில் ஒரு எலக்ட்ரானிக் சில்லு இருக்கிறது, விரல் நகம் அளவுக்கு. எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதுதான் மோட்டார்களுக்குச் சொல்லும். அது சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பதற்கு இவர் பலகைமேல் ஒரு கண்ணாடித் தம்ளர் வைப்பார், விளிம்பு வரை ரோஸ்மில்க் ஊற்றி. தண்ணீர் என்றால் சிந்தியது தெரியாது, காய்ந்துவிடும். ரோஸ்மில்க் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சொட்டு வெள்ளைப் பலகையில் விழுந்தாலும் ரத்தம் மாதிரி தெரியும்.

வேனை யார் ஓட்டுவது? நான்தான். சிரிக்கிறீர்களே! அவர் பின்னால் உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்க்கவேண்டும், அதனால் எனக்கு அவரே ஓட்டக் கற்றுக்கொடுத்தார். எங்கள் தெருவில் வேன் ஓட்டுகிற ஒரே பெண் நான்தான், தெரியுமா?

முதலில் ரொம்பக் கஷ்டப்பட்டேன். கோயம்புத்தூரில், எங்கள் கணபதி பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். யாராக இருந்தாலும் போடுவார்கள். பின்னால் தம்ளர் கவிழ்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றும் கேட்காத நேரம் இருக்கிறதே அக்கா, அதுதான். அவர் சீட்டுக்கு நடுவே புகுந்து வந்தார். என் கொண்டையைப் பிடித்து முகத்தை ஸ்டியரிங்கில் வைத்து அழுத்தினார். நடுவில் ஹாரன் இருக்கிறதல்லவா, அது அலறுகிறது, அலறிக்கொண்டே இருக்கிறது. "பிரேக் போடாதடீ! எத்தன தடவ சொல்றது, பிரேக் போடாத!" என்று அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முறை அழுத்துகிறார். பின்னால் வந்த லாரிக்காரன் எட்டிப்பார்த்து, "ஏம்மா, ஹாரன விடும்மா, காது போகுது!" என்று என்னைத்தான் திட்டினான். முன்பல் ஒன்று ஆடியது. இன்றைக்கும் ஆடும். ஆப்பிள் கடிக்கமாட்டேன்.

நாய்மேல் வண்டியை ஏற்றியிருக்க வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னார். அடுத்த முறை ஏற்றிவிட்டேன்.

அப்படியெல்லாம் பார்க்காதீர்கள். ஒருமுறைதான். அது கிழட்டு நாய்.

லேப்டாப் சார்ஜர் ஒயரால் அடித்தால் தழும்பு நிற்காது, வீக்கம் மட்டும்தான். ஆனால் அதன் முனையில் ஒரு கட்டி இருக்கிறது பாருங்கள், அது பட்டால் வேறு. வயிற்றில் இவன் இருந்தபோது அவர் அந்தக் கட்டியைத் தன் கைக்குள் மடக்கிப் பிடித்துக்கொள்வார். அவ்வளவு அக்கறை. இடுப்புக்குக் கீழே மட்டும்தான் அடிப்பார். சித்தியிடம் இதைச் சொன்னால் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆனால் கற்றுக்கொண்டேன். எங்கள் கான்வென்ட்டில் தலையில் கேட்டகிஸம் என்கிற வேதபாடப் புத்தகத்தை வைத்து வராந்தா முழுக்க நடக்கச் சொல்வார்கள். விழுந்தால் ஸ்கேலின் கூர்ப்பக்கத்தால் விரல் முட்டியில் அடி விழும். கையை நாமே நீட்ட வேண்டும், நீட்டிவிட்டு "தேங்க்யூ சிஸ்டர்" என்று சொல்ல வேண்டும். என் புத்தகம் கடைசிவரை விழுந்ததே இல்லை. வேனையும் அப்படியே ஓட்டினேன். தூரத்தில் சிக்னல் சிவப்பாகும் முன்பே காலை எடுத்துவிடுவேன், வண்டி தானாக ஊர்ந்து போய் நிற்கும். பிரேக்கைத் தொட்டால் ஏதோ தூங்குகிற குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி தொடுவேன். ஆட்டோக்காரர்கள் பக்கத்தில் வந்து, "ஏனுங்க அம்மிணி, வண்டி ஓட்றீங்களா, தாலாட்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்கும் சிரிப்பு வரும். சிரிக்கமாட்டேன். சிரித்தால் கால் ஆடிவிடும்.

பிறகு ரோஸ்மில்க் சிந்தவே இல்லை. மருதமலை அடிவாரம் போய் வந்தோம், சிந்தவில்லை. ஆனைக்கட்டிப் பாதையில் ஏறி இறங்கினோம், ஒரு சொட்டு இல்லை. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! திரும்பி வரும்போது புரோட்டாக் கடையில் நிறுத்தச் சொன்னார். எனக்கு அவரே பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றினார். இவன் அப்போது வயிற்றில் ஏழு மாசம். சந்தோஷமாக இருந்தால் அவர் எல்லாம் விளக்கிச் சொல்வார், வாத்தியார் மாதிரி. "அந்தச் சில்லுக்குக் கண்ணு கெடையாதுடி மெர்லின். தன்னை எது எந்தப் பக்கம் இழுக்குதுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். பூமி இழுத்தாலும் ஒண்ணுதான், பிரேக் இழுத்தாலும் ஒண்ணுதான். பிரேக் போட்டா, வண்டி முன்னால சரிஞ்சுருச்சுன்னு நெனச்சுக்கும். பலகையோட முன்பக்கத்தத் தூக்கும். அது தூக்கி முடிக்கறதுக்குள்ள பிரேக்கே முடிஞ்சிருக்கும். ஏமாந்துரும்டி. அதனாலதான் நீ பிரேக்கே போடக்கூடாது, புரியுதா?" என்றார்.

புரிந்தது. நான் கேட்டேன், "அப்ப அதச் சரி பண்ண முடியாதுங்களா?" என்று. சரி பண்ணலாமாம். அதே சில்லுக்குள் இன்னொன்று இருக்கிறதாம், வண்டி உண்மையிலேயே திரும்பியதா, சரிந்ததா என்று அதற்குத் தெரியுமாம். இரண்டையும் கேட்டு முடிவெடுக்கிற மாதிரி எழுத வேண்டும், அதற்கு மாசக்கணக்கில் ஆகும் என்றார். "எதுக்கு? நீதான் இருக்கியே" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். வலிக்காமல். எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது, தெரியுமா?

ஐயோ, அந்தக் கண்டக்டர் ஏன் இப்படிக் கத்துகிறார்? பாவம், அந்தப் பாட்டையா படியில்தான் மூட்டையை வைத்திருக்கிறார், அதற்குப் போய்... பாருங்கள், இவன் முழித்துவிட்டான். இல்லை, அழமாட்டான். பயப்படாதீர்கள். ஆண்குரல் உயர்ந்தால் இவன் இப்படித்தான், கண்ணை அகலத் திறப்பான், உடம்பை விறைத்துக்கொள்வான், கட்டைமாதிரி. மூச்சு விடுகிறானா என்றே தெரியாது. கையை நெஞ்சில் வைத்துப் பாருங்கள், குருவி மாதிரி அடிக்கிறதா? சத்தம் மட்டும் வராது. எங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒரு தும்மலுக்கு ஊரைக் கூட்டும். இவன் அப்பாவின் பைக் தெருமுனையில் திரும்பும்போதே அமைதியாகிவிடுவான். இன்னும் ஒரு வயசுகூட ஆகவில்லை. நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொல்வார்கள்.

தடவிக்கொடுங்கள், பரவாயில்லை. நெற்றியில் மட்டும் தொடாதீர்கள், அந்தப் பிளாஸ்திரிக்குக் கீழே தையல் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மலைமேல் இருக்கிற ஒரு ஆஸ்பத்திரிக்காரர்கள் பலகையைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். ஒரு டாக்டரம்மாவும் இரண்டு பேரும். எங்கள் ஷெட்டிலிருந்து கிளம்பி ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். நான் சாவியை எடுத்துக்கொண்டேன். "பொம்பள ஓட்டினா அவங்களுக்கு நம்பிக்க வராது" என்று என் கையிலிருந்து பிடுங்கி, டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து ஒரு டிரைவரைக் கூட்டி வந்தார். நல்ல டிரைவர்தான். நன்றாக ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஓட்டுவதுபோல ஓட்டினார்.

தம்ளர் வைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். டாக்டரம்மா சொன்னார், "தம்ளர் சரி, ஆளைப் படுக்க வெச்சுப் பாத்தீங்களா மிஸ்டர் ஜெயசீலன்?" என்று. இவருக்கு முகம் சிவந்துவிட்டது. என் இடுப்பிலிருந்து இவனை அப்படியே உருவினார். "என் சொந்தப் புள்ளையவே படுக்க வெக்கறேன் மேடம். இதுக்கு மேல என்ன நம்பிக்கை வேணும்?" என்றார். நான் வாயைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தார். மூடிக்கொண்டேன். பெரியவர்களுக்கான பெல்ட், இவன் அதில் எங்கே நிற்பான்? மேலே ஒன்று கீழே ஒன்று கட்டினார். பின்கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முகம் தெரியவேண்டும் என்று தலையைப் பின்னால் வைத்தார். நானும் ஏறிக்கொண்டேன், ஆனால் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில்.

ஒரு ஸ்கூல் பையன் சைக்கிளில் குறுக்கே வந்தான். டிரைவர் பிரேக் போட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் அக்கா, என் வலது கால் சும்மா கிடந்த இடத்திலேயே மெதுவாக, மெதுவாக என்று அழுத்துகிறது. வண்டி நின்றுவிட்டது. நின்ற பிறகு பலகை எழும்பியது. எல்லாம் முடிந்த பிறகு, ஒருவரும் தொடாமல், முன்பக்கம் மட்டும் விர்ரென்று எழும்புகிறது. இவன் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கி, தலை முதலில் போக, சறுக்குமரத்தில் போகிற மாதிரி பின்பக்கமாகப் போனான். பின்கதவின் கொக்கி இருக்கிறதல்லவா. நங்கென்று ஒரு சத்தம்.

அழவில்லை. அதுதான் டாக்டரம்மாவைப் பயமுறுத்திவிட்டது. "குழந்தை ஏன் அழலை? ஏன் அழலை?" என்று கேட்டுக்கொண்டே தூக்கினார். வெள்ளைப் பலகையெல்லாம் சிவப்பு. இவர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். "ஒண்ணுமில்லைங்க மேடம், சின்ன அட்ஜஸ்ட்மென்ட்" என்றார். டாக்டரம்மா இவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தார். என் உதட்டை, கழுத்தை, கையை. பிறகு அவரே காரில் கூட்டிப்போய்த் தையல் போட்டார். கிளம்பும்போது ஒரு போன் நம்பரை எழுதி இவன் சட்டைப்பைக்குள் வைத்தார். எதற்கென்று தெரியவில்லை. பெரிய மனுஷி, மரியாதைக்கு வைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கதவைச் சாத்தினார். "நீ ஓட்டியிருந்தா சிந்தியிருக்காது" என்றார். "சாவிய நீங்கதானே வாங்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு, வாய். ஸ்பேனர் கதவுக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்திருக்கும். முதல் அடியைக் கையால் தடுத்தேன். தடுத்ததால்தான் கை. தடுக்காமல் இருந்தால் தலை, அதைவிட இது தேவலை. எலும்பு முறிகிற சத்தம் விறகு மாதிரி இருக்காது அக்கா, முறுக்கு உடைகிற மாதிரி இருக்கும். கீழே விழுந்த பிறகு விலாவில் உதைத்தார். இவன் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான், கட்டைமாதிரி. உதைத்து முடித்ததும் அவர் தரையில் உட்கார்ந்து, "எங்கப்பனுக்காகச் செஞ்சதுடி இது, எங்கப்பனுக்காக" என்று அழுதார். நானும் அழுதேன். யாருக்காக அழுதேன் என்று தெரியவில்லை.

அப்புறம் சித்தி வந்து கோத்தகிரிக்குக் கூட்டிப்போய்விட்டார். போலீஸ் என்றார், வக்கீல் என்றார். நான் ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டேன். நேற்று அவர் போன் செய்தார். குரல் எப்படி இருந்தது தெரியுமா? தேன் மாதிரி. "மெர்லின், வேற ஒரு பார்ட்டி வர்றாங்க. நீ ஓட்டினாத்தான் சரியா வரும். நீயில்லாம என்னால முடியாதுடி கண்ணு" என்றார். கல்யாணமாகி இத்தனை நாளில் நீ வேண்டும் என்று அவர் சொன்னதே இல்லை. இந்தக் கட்டோடு எப்படி ஓட்டுவாய் என்று சித்தி கத்தினார். இடது கைதானே, கியருக்குத் தொட்டால் போதும். நானும் விவரமில்லாதவள் இல்லை. குழந்தையைப் பலகையில் வைக்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன். "சத்தியமா மணல் மூட்டதாண்டி" என்று இவன் பேரைச் சொல்லிச் சத்தியம் செய்திருக்கிறார்.

என்ன கேட்டீர்கள்? இந்த வளைவில் சரியாகக் காதில் விழவில்லை.

பிரேக் போட்டால் பலகை ஏமாறும் என்று அன்றைக்கு அவருக்குத் தெரியுமா என்றா? தெரியாமல் என்ன? அவர்தானே எனக்கே சொல்லிக்கொடுத்தார். சொன்னேனே, புரோட்டா சாப்பிட்ட அன்றைக்கு. இவன் பிறப்பதற்கு முன்னாலேயே அவருக்கு...

இல்லை அக்கா. நீங்கள் நினைப்பதுபோல் இல்லை. கோபத்தில் மறந்திருப்பார். டாக்டரம்மா அப்படிக் கேட்டுவிட்டாரல்லவா, அந்தச் சமயத்தில்... தெரிந்த டிரைவர் இல்லை, பிரேக் போடுவார் என்று... யாராக இருந்தாலும் போடுவார்கள்...

தண்ணீர் இருக்கிறதா உங்களிடம்?

குஞ்சப்பனை தாண்டியே ரொம்ப நேரமாகிவிட்டது போலிருக்கிறது. இதோ பவானிப் பாலம். சமவெளிக்கு வந்துவிட்டோம், இனிமேல் முழங்கையைத் தூக்க வேண்டியதில்லை. இவ்வளவு நேரமும் இவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஸ்டாண்ட் வந்துவிட்டது. அதோ, காப்பிக் கலர் சட்டை, அவர்தான். பார்த்தால் எவ்வளவு லட்சணம்! சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருக்கிறார். சுழற்றினால் பரவாயில்லை அக்கா. உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கினால்தான்.

சுழற்றுகிறார். சுழற்றுகிறார்.

வேனையே கொண்டுவந்திருக்கிறார். இங்கிருந்தே மலைக்கு ஏற்றிப் பார்க்கிற யோசனை போல. பின்கதவு திறந்திருக்கிறது, பலகை தெரிகிறது, சுத்தமாகத் துடைத்திருக்கிறார். நீங்கள் கொஞ்சம் சாயுங்கள் அக்கா, எனக்கு ஒன்று பார்க்க வேண்டும். அந்த பெல்ட். புதுசு. ஸ்கூல் பை வாரில் தைத்த மாதிரி நீலக் கலரில், என் கை நீளம்கூட இல்லை. இரண்டு தோள்பட்டைக்கும் தனித்தனியாக வைத்து, நடுவில் கால் போடுகிற இடம் விட்டு... அளவெடுத்துத் தைத்திருக்கிறார். அது இவன் அளவு, என் ஆரோனின் அளவு.

மணல் மூட்டைக்கு எதற்கு அக்கா தோள்பட்டை?

சாவியை இறுக்கிவிட்டார்.

நான் கீழே உட்கார்ந்துகொள்கிறேன். இங்கே, சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே, உங்கள் காலடியில். இடம் போதும். உங்கள் சால்வையை அப்படியே தொங்கவிடுங்கள். என்னைப் பார்க்காதீர்கள், ஜன்னல் வழியாக ரோட்டைப் பாருங்கள். கண்டக்டர் கேட்டால் அந்தப் பொண்ணு இறங்கிப் போய்விட்டாள் என்று... இல்லை, பொய் வேண்டாம். அப்புறம் கோயம்புத்தூருக்கு ஒரு டிக்கெட் சேர்த்து எடுத்துவிடுங்கள். இவன் சட்டைப்பையில் ஒரு நம்பர் இருக்கிறது என்றேனே, இருக்கிறதா பாருங்கள்... இருக்கிறது. இருக்கிறது.

கேட்கிறதா? "மெர்லின்! ஏய் மெர்லின்!" பஸ் தகரத்தைத் தட்டிக்கொண்டே வருகிறார், ஒவ்வொரு ஜன்னலாக. பக்கத்தில் வந்துவிட்டார். "ஏனுங்க, கைல கட்டுப் போட்ட பொண்ணு, கைக்கொழந்த... ஏறுச்சுங்களா?"

இவன் வாயைப் பொத்துவதா? வேண்டாம் அக்கா. வேண்டவே வேண்டாம். அந்தக் குரல் கேட்கும்வரை இவன் மூச்சுக்கூட விடமாட்டான்.

விசிலா அது? கிளம்பிவிட்டதா? வெளியே வந்துவிட்டோமா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். வேன் பின்னால் வரவில்லையே? சரி. சரி. தூக்கிவிடுங்கள் என்னை, ஒரு கைதான் இருக்கிறது.

ஆரோன். கண்ணு. முடிந்துவிட்டது, அப்பா போய்விட்டார். இங்கே பார், அம்மாவைப் பார். இனிமேல் அழலாம். அழுடா தங்கம். ஊரே கேட்கிற மாதிரி அழு. யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

அக்கா, அழமாட்டேன் என்கிறானே அக்கா.